மடிப்புப் படகு

“இன்னா அண்ணாத்த, பொட்டிய பிரிச்சா படகா ஆவுது!”

முகத்துவாரத்துக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சொன்னார். ரோஹித்துக்குப் பெருமை தாங்கவில்லை. கல்பாக்கத்தில் அவர்கள் குடியிருப்பின் கிளப்புக்கு இந்த மடிப்புக் கயாக்கை வாங்கலாமா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவனுடையது.

“தூக்கிப் பாரு ஸ்வாதி, பஞ்சு மாதிரி இருக்கு. கார் டிக்கியில போட்டுக்கலாம். மடிப்புல ஒரு சொட்டுத் தண்ணி வரல.”

அவன் மனைவி ஸ்வாதி ஒரு சுற்று போய்வந்தாள். சஹானாவும் போனாள். அவள் ஸ்வாதியின் தம்பி விஷாலுக்கு நிச்சயித்திருக்கும் பெண். இருவரும் சேர்ந்து வெளியே வருவது இதுதான் முதல் தடவை.

“மாமா, அடுத்தது நான்!”

விஷால் டி-ஷர்ட்டோடு தண்ணீரில் இறங்கினான்.

“ஏறுங்க, ஏறுங்க. வீடியோ எடுத்து எங்க ஃபேமிலி குரூப்ல போடறேன்.” சஹானா போனை உயர்த்தினாள்.

ரோஹித் சட்டென்று படகைக் கரைக்கு இழுத்தான்.

“வேணாம் மச்சான். டிசைனே சரியில்ல. லீக் ஆகுது.”

“இப்பதானே சொட்டு வரலன்னீங்க?” என்றாள் ஸ்வாதி.

“சரியா பாக்கல. சுத்த டப்பா.”

“இத்த நம்பி பொண்ணுங்கள வேற ஏத்துனியே அண்ணாத்த!” வலைக்காரர் சிரித்தார். ரோஹித்தும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே படகை மடித்தான்.

விஷாலின் முகம் தொங்கிப்போயிற்று.

ஸ்வாதி படகுக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தாள். உள்ளே காய்ந்துதான் இருந்தது.

தம்பியையும் சஹானாவையும் பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் நுழையும்வரை பொறுத்துக்கொண்டாள்.

“கட்டிக்கப்போற பொண்ணு முன்னாடி என் தம்பிய அவமானப்படுத்திட்டீங்க. நாங்கள்லாம் போகலாம், அவன் போகக்கூடாதா? கிளப் படகுதானே, உங்க அப்பா வீட்டுச் சொத்தா? இவ்ளோ அல்பமா நீங்க? எனக்கே வெக்கமா இருக்கு.”

ரோஹித்தின் போன் அடித்தது. கிளப் செயலாளர். அவன் எடுத்துப் பேசினான்.

“நல்ல படகு சார், தாராளமா வாங்கலாம். லீக்கா? சேச்சே, அதெல்லாம் இல்ல. ஒரே விஷயம், தொண்ணூறு கிலோவுக்கு மேல யாரும் ஏறக்கூடாது. அமுங்கிடும்.”

மறுபடி வாயெடுத்த ஸ்வாதி அப்படியே நின்றாள். நிச்சயதார்த்தத்துக்கு விஷால் அளவில் கடையில் சட்டை எதுவும் கிடைக்காமல், செங்கல்பட்டில் தைக்கக் கொடுத்து வாங்கியவளே அவள்தான்.

ரோஹித் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“இல்ல சார், இன்னிக்கு அவ்ளோ வெயிட்ல யாரும் வரல.”