நாற்பது திருப்பங்கள்

பெருச்சாளி ஒன்று, பிறர் வந்து விளையாடுவதற்கென்றே சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு வளையைத் தோண்டியது. நாற்பது திருப்பங்கள் தாண்டினால் கடைசியில் ஓர் அறை. அங்கே ஒரு வேர் தொங்கும். அதன் நுனியிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு நீர் விழும். அதை யாராவது பார்க்கவேண்டும் என்பதுதான் பெருச்சாளியின் ஆசை.

வந்த அணில்கள் மூன்றாவது திருப்பத்திலேயே திரும்பிவிட்டன. "விளையாடக் கூப்பிட்டீங்களா, வேலைக்குக் கூப்பிட்டீங்களாண்ணே?"

பெருச்சாளி வாசலிலிருந்து அறைக்கு ஒரு நேர்வழி வெட்டியது. அன்றைக்கெல்லாம் கூட்டம். அறைவரை ஓடிவந்த அணில்கள் வேரைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போயின. கூட்டம் வந்ததே, அது போதாதா என்று பெருச்சாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. போதவில்லை.

மறுநாள் நேர்வழியின் நடுவில், பழைய திருப்பங்களுக்குப் போகும்படி சுவரோரமாக ஒரு சிறு ஓட்டை போட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கூட்டத்தில் ஓர் அணில் காணாமல் போனது. சாயங்காலம் அது காதெல்லாம் மண்ணாக அறைக்குள் வந்து நின்றது.

"அவ்வளவுதான்," என்று பெருச்சாளி முந்திக்கொண்டது.

"சும்மா இருங்கண்ணே," என்றது அணில், வேரைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இன்னும் சொட்டு விழல."