கட்டிலுக்கு அடியில்

முன்னாள் படைவீரர் இல்லத்துக்குள் நாய் கூடாது என்று முதலில் சண்டைக்கு நின்றவர் ஹவில்தார் தேவசகாயம்தான். "துணைக்கு நாயாம். நாளைக்கு அதைக் காவலுக்கு வச்சு நம்மளப் பூட்டுவானுவ" என்றார். அவர் பேச்சு எடுபட்டது. நாயைத் திருப்பிக் கொண்டுபோக வண்டியும் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கல்யாண ஊர்வலத்தின் சரவெடி. வழக்கம்போலக் கிழவர் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டார். நாய் பின்னாலேயே நுழைந்து, படபடத்த நெஞ்சின்மேல் தலையை வைத்துப் படுத்தது. வெடி ஓய்ந்ததும் வார்டன் வந்தார். "அண்ணாச்சி, நாய் இங்க வந்துச்சா?"

"நாயும் இல்ல, நரியும் இல்ல. சோலியப் பாரும்."

வார்டனின் செருப்பு நகரவில்லை. வெளியே கிடந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்த வாலைத் தேவசகாயம் எட்டிப் பிடித்து, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.