நனைந்த பிளக்

ஏழாவது இழுப்புக்கும் மிஷின் வாய் திறக்கவில்லை.

அவன் கயிற்றை விட்டான். உள்ளங்கை எரிந்தது.

எதிரே பலாமரம் வேரோடு சாய்ந்து ஓட்டுவீட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. அடிமரத்துக்குக் கீழே கலியமூர்த்தி கிடந்தான். மரம் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. பேசிக்கொண்டும் இருந்தான்.

கோடரி போட்ட ஆட்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிர்ந்தது, கீழே கலியமூர்த்தி அலறினான். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடப்பதால் ஜேசிபி வர மாலையாகுமாம். சுற்றி மூன்று ஊருக்கும் மரம் அறுக்கிற மிஷின் இது ஒன்றுதான். மிஷின்காரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, புயல் முறித்துப் போட்ட முந்திரிக்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடி வந்திருந்தான்.

ஓடி வந்து என்ன புண்ணியம்?

"பெட்ரோல் இருக்கா பாரு."

"ஆயில் கலந்தியா இல்லியா?"

அன்று காலை அந்த ஊரில் எல்லோருமே மெக்கானிக்.

பெட்ரோல் இருந்தது. ஆயிலும் அளவாகக் கலந்திருந்தது. மிஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் அவனுடையது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை சோக் போட்டுத்தான் இழுக்க வேண்டும். இரண்டாவதோ மூன்றாவதோ இழுப்பில் லேசாக ஒருமுறை 'டுப்' என்னும். அதைக் கேட்டதும் சோக்கை எடுத்துவிட்டு இழுத்தால் கிளம்பிவிடும். கேட்காமல் மேலும் மேலும் இழுத்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும். அப்புறம் எமனே வந்து இழுத்தாலும் கிளம்பாது.

பதினோரு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவன் தவறவிட்டதே இல்லை. இன்று பெண்கள் மாரடித்து அழுத அழுகையில் அது காதில் விழவில்லை. பதற்றத்தில் கையும் நிற்கவில்லை.

பிளக்கைக் கழற்றினான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கைலி நுனியில் துடைத்தான். மிஷினைக் கவிழ்த்துப் பிடித்துக் கயிற்றை இழுக்க, துளை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. இனிக் காற்றாட விட வேண்டும். பத்து நிமிஷம். அவசரப்பட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

பத்து நிமிஷம் என்று அங்கே யாரிடம் சொல்வது?

கலியமூர்த்தியின் மனைவி மரத்தையொட்டிக் குப்புறப் படுத்திருந்தாள். இலைகளுக்குள் கையை விட்டு அவன் கையைப் பிடித்திருந்தாள். அவள் ஒருத்திதான் அழவில்லை.

"மிஷின் வந்துடுச்சுங்க. தோ, இப்ப எடுத்துடுவாங்க" என்று கீழே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஓட்ட மிஷினத் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆமாங்க, பழைய மிஷின்" என்றான் அவன்.

சொன்ன பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிளக்கை ஊதினான். துடைத்தான். திரும்பவும் ஊதினான்.

கீழேயிருந்து குரல் தண்ணீர் கேட்டது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டது. பிறகு என்ன சொன்னதென்று விளங்கவில்லை.

பிளக்கை மாட்டினான். சோக் போடாமல், ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு இழுத்தான்.

நான்காவது இழுப்பில் மிஷின் புகையைக் கக்கிக்கொண்டு கத்தியது. கூட்டமும் சேர்ந்து கத்தியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா என்றான். மிஷினின் பற்கள் மரத்தில் இறங்கின. பலாவின் பால் முகத்தில் தெறித்தது. துடைக்கவில்லை.

அடிமரம் பாதி அறுபட்டிருந்தபோது அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

இவ்வளவு நேரம் இலைகளுக்குள் இருந்த கை.

மிஷினை அணைத்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இனிமே அவசரமில்லண்ணே. அவரு மொகத்துல தூள் விழாம, மெதுவாவே அறுங்க."

அவன் கயிற்றைப் பிடித்தான்.

ஒரே இழுப்பில் கிளம்பியது.