இடது பக்கம் வந்த பந்து

பெலவேந்திரன் பகலில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பான், சாயங்காலம் ஃபுட்பால் ஆடுவான். அவனுடைய வலது பூட்ஸுக்குத் தலைக்கனம் அதிகம். பயிற்சியில் பந்து இடது பக்கம் வந்தாலும், “உனக்கு வராது, இங்க தள்ளு” என்று வாங்கி அதுவே அடித்துவிடும். இடது பூட்ஸும் தள்ளிக் கொடுத்தே பழகிவிட்டது. மூன்று வருஷமாகியும் அதன் முனையில் சாயம்கூட உரியவில்லை.

வலது அடித்த கோல்களால், அமெச்சூர் கிளப்புகளுக்கான தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை அணி வந்துவிட்டது.

அதில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் பந்து இடது பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. எதிரே கோல் காலியாகக் கிடந்தது.

“அடி!” என்று வலது கத்தியது.

இடது வழக்கம்போலப் பந்தை வலதின் பக்கம் தள்ளியது. அதற்குள் எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்து அதைத் தூர உதைத்துவிட்டான்.

ஊர் திரும்பும் ரயிலில் இரண்டும் ஒரே பைக்குள் கிடந்தன.

“அடின்னு கத்தினேனே, காதுல விழலையா?” என்றது வலது.

“விழுந்துச்சுண்ணே. இத்தனை வருஷத்துல அந்த வார்த்தையை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையா... உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்.”