ஒன்பதாம் சீசனில் திரும்பி வந்தவன்

கடலூர் முதுநகர் பேக்கரியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த மரிய அருளும் அவன் தங்கை நித்யா மேரியும், தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் நண்பன் அஜயும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினான்கு சீசன் ஓடிய ஆங்கில விண்வெளித் தொடரின் ஆக மோசமான எபிசோடுகளை இன்று வரிசைப்படுத்தி, அருளின் நோட்டில் எழுதியாக வேண்டும். பிஸ்கட் ஜாடிகளைத் தாண்டி வரும் வெயில் மேசையில் மஞ்சளாகக் கிடக்கிறது. ரோபோ பாட்டுப் பாடும் எபிசோடைச் சொல்லி, நித்யா கையை மடக்கி மடக்கி ஆடிக் காட்டுகிறாள். பஃப்ஸ் தூள் பறக்கிறது. அஜய் வாய்விட்டுச் சிரிக்கிறான். “அத்த வுடு. ஒன்பதாவது சீசன் கடைசி எபிசோடுதான் படுமோசம்” என்று அருள் மேசையைத் தட்டுகிறான். “விண்வெளியில காணாமப் போன பைலட்டு, மூணு வருசம் கழிச்சு சும்மா கதவத் தொறந்துகிட்டு வர்றான். எப்புடி வந்தான்னு காரணமே சொல்லல. சுத்த ஏமாத்து வேல!” சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. அஜயின் அண்ணன் போன வருடம் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நித்யா மேசைக்கடியில் அருளின் காலை மிதிக்கிறாள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. அஜய் டீயில் படிந்த ஆடையை விரலால் மெல்ல ஒதுக்குகிறான். “மோசந்தான் மச்சான். மொதல்லயே எழுது” என்கிறான். பிறகு, டீயைப் பார்த்தபடியே சொல்கிறான்: “அம்மாவுக்கு இங்கிலீசு புரியாது. அவன் கதவத் தொறந்து வர்ற எடத்த மட்டும் டெய்லி போடச் சொல்லுது.”