பதினாறு விநாடிக்குப் பிறகு

“பதினாறு விநாடியோட நிறுத்தினா எப்படி வெசா? அடிபட்ட மூளை. ரத்தம் மெதுவாத்தான் ஏறும். இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்களேன்!”

கெஞ்சினாள் கைசா. ஊலு நகரத்து மூளை ஸ்கேன் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

பதினேழாம் எண் நோயாளி, விபத்தில் சிக்கி ஏழு மாதமாக நினைவில்லாமல் கிடக்கும் பெண். பெயர் டாக்டருக்குத்தான் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு வருவது எண்ணும் ஸ்கேன் பதிவும் மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் மூளையில் ரத்த ஓட்டம் ஏறுகிறதா என்று எத்தனை விநாடி வரை பார்ப்பது? அதில்தான் சண்டை.

“பதினாறுன்னு ஆரம்பத்துலயே எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. முடிவைப் பார்த்துட்டு மாத்தக் கூடாது,” என்றார் மூத்த ஆய்வாளர் வெசா.

“பதில் இல்லைன்னு எழுதினா நாளைக்கே அவளை மீட்கக் கொடுக்கற பயிற்சி சிகிச்சையை நிறுத்திடுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் பராமரிப்பு இல்லம்தான்.”

“தெரியும்.”

“உங்களுக்கென்ன, அது வெறும் நம்பர்!”

வெசா ‘பதில் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கைசாவுக்கு ஆறவில்லை. நாமே மாற்றிப் பார்ப்போம் என்று கணினியைத் திறந்தாள்.

ஏற்கெனவே யாரோ மாற்றிப் பார்த்திருந்தார்கள். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு... முப்பத்தாறு வரை. எல்லாம் வெசாவின் பெயரில்.

இருபத்தாறில் கோடு மேலே ஏறியிருந்தது!

பார்த்துவிட்டு மறைத்திருக்கிறார். மனுஷன்தானா இவர்?

அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாசல் பனியில் வெசாவோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

“வெசா! பதினேழாம் நம்பர் பதில் சொல்லியிருக்கா. ஏன் மறைச்சீங்க?”

அந்தப் பெண்மணி தாளைப் பிடுங்கினார்.

“ஏறியிருக்கே... நம்ம சென்யாவுக்குக் கேட்டிருக்கே! பெத்தவ என்கிட்டகூட ஏன் சொல்லலை?”

கைசா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வெசா மனைவியின் கையிலிருந்து தாளை மெல்ல வாங்கினார்.

“பத்து விதமா மாத்திப் பார்த்தேன், ரீத்தா. ஒன்பதுல ஒண்ணுமே இல்லை. நிஜமாவே கேட்டிருந்தா இருபத்தெட்டுலயும் முப்பதுலயும்கூட ஏறியிருக்கணும். இந்த ஒண்ணுல தெரியறது அவ இல்லை... என்னோட ஆசை.”