கோடு சரிந்த இடம்

“எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டுங்க சார். கண்ணால பார்த்தாதான் நம்பும் நம்ம ஜனம்” என்றார் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

பத்திர எழுத்தர் நாற்காலி மேல் ஏறி வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். ஏழு வருஷத்தில் அந்தத் தெருவில் கைமாறிய முப்பத்தொரு வீட்டுக்கும் பத்திரம் எழுதியவர் அவர்தான். எந்த மாதம், என்ன விலை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தார்.

கோடு ஐந்து வருஷம் ஜம்மென்று மேலே ஏறியது. அப்புறம் தொபுக்கடீர்.

“பார்த்தீங்களா? நம்ம வீட்டு விலையெல்லாம் பாதாளத்துல கிடக்கு. எல்லாம் அந்தக் கடைசி வீட்டால!” என்றார் தலைவர்.

கடைசி வீட்டில்தான் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம். போக்கிடம் இல்லாத பதினான்கு பேர். இன்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டால், மாதக் கடைசியில் அவர்களைக் காலி செய்யச் சொல்வதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர்களைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர், கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகள் காலி.

பத்திர எழுத்தருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வீடும் விற்பனைக்கு நிற்கிறதே! மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறார். பார்க்க வந்த மூன்று பேரும் தெருமுனையோடு திரும்பிப் போய்விட்டார்கள். தனக்கு மிஞ்சித்தானே தானம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“டீச்சரம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?” ஒப்புக்குக் கேட்டார் தலைவர்.

“சண்டை போட வரலைங்க. நாங்க குடிவந்த மாசத்தையும் அந்தப் படத்துல குறிச்சிட்டா நல்லாருக்கும்.”

“தாராளமா! குறிங்க சார். உண்மை தெரியட்டும்.”

பத்திர எழுத்தர் பென்சிலோடு கோடு சரியும் இடத்துக்குப் போனார். “ரெண்டு வருஷம் முன்னாடிதானேம்மா வந்தீங்க?”

“இல்லைங்க. ஆறு வருஷம் ஆச்சு.” டீச்சர் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார்.

பத்திர எழுத்தர் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பென்சில் இடப்பக்கமாக நகர்ந்து, நகர்ந்து, கோட்டின் அடிவாரத்துக்கே போய் நின்றது. அதற்குப் பிறகுதான் விலை நாலு வருஷம் ஏறியிருந்தது.

“ஆறு வருஷமாவா? எங்களுக்கே தெரியாதே!” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“தொந்தரவு குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க ஆளு ஒருத்தர், கேட் திறந்திருக்கேன்னு வெளியே வந்து, தலைவர் வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சார். அப்பதான் உங்களுக்கெல்லாம் தெரிய வந்துச்சு.”

“அதேதான்! அந்த மாசம்தான் விலை விழுந்திருக்கு!” துள்ளினார் தலைவர்.

“ஒருத்தர் சிரிச்சதுக்கா சார் வீட்டு விலை விழும்?” என்றார் மளிகைக்கடைக்காரர். “அந்த மாசம் வேற ஏதோ நடந்திருக்கணும்.”

பத்திர எழுத்தர் பென்சிலைக் கீழே வைத்தார். தன் வீட்டைப் பார்க்க வந்த மூன்று பேரையும் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசி வீடுவரை அவர்கள் வரவே இல்லையே? முனையிலேயே அல்லவா திரும்பினார்கள்?

ஜன்னல் வழியே தெருமுனையைப் பார்த்தார். அங்கே, அதே மாதம் சங்கம் நட்டுவைத்த இரும்புப் பலகை வெயிலில் பளபளத்தது.

‘எச்சரிக்கை! இத்தெருவில் மனநோயாளிகள் நடமாட்டம் உண்டு. குழந்தைகளைத் தனியே விடாதீர்! - குடியிருப்போர் சங்கம்.’

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“சார், எங்க போறீங்க?”

“பலகையைக் கழட்ட.”

“அது சங்கத்துப் பலகை சார்! தீர்மானம் போடாம நீங்க எப்படித் தொடலாம்?”

பத்திர எழுத்தர் டீச்சரைப் பார்த்தார். பார்வை தானாகத் தாழ்ந்தது.

“பலகை சங்கத்தோடதுதான் சார். அதுல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் எழுதிக் குடுத்தவன் நான்.”